கப்பல் பற்றரி

லோஞ்சு கொட்டியாரக் குடாவின் நடுவில் மூக்கைத் தண்ணீருக்குள் குத்தி மறுபடி எழும்பியபோது ஆளாளுக்குத் தங்கள் தங்கள் தெய்வத்தைப் பிடித்துக்கொண்டார்கள். படம் பிடிக்கிற இராஜநாயகம் தன் பால்மாத் தகரத்தைப் பிடித்துக்கொண்டார். திருகோணமலையிலிருந்து மூதூருக்கு மார்கழி மாரியில் கடல் கடப்பதென்றால் பாதி உயிரை இறங்குதுறையிலேயே கழற்றிக் கொளுவிவிட்டுத்தான் ஏறவேண்டும். அன்றைய அலையை அலை என்று சொன்னால் அதற்கே கோபம் வந்திருக்கும்; ஒவ்வொன்றும் கோணேசர் மலைக்குத் தம்பி முறை. பக்கத்திலிருந்தவர் முந்தநாள் தின்றதையும் சேர்த்து வாந்தி எடுத்தார். ஒரு கூடைக் கோழிகள் கடலில் விழுந்து ஐந்து நிமிடத்தில் நீந்தப் பழகிக்கொண்டன. இராஜநாயகம் ஒன்றையும் காணவில்லை. தகரத்தை வயிற்றோடு அணைத்து, மேலே துவாய், அதற்கு மேலே மழைக்கோட்டு, அதற்கும் மேலே இரண்டு கைகள் என்று மூடி, அடைக்கு இருக்கும் கோழியைப் போல் குந்தியிருந்தார். கலியாணம் முடித்த நாளிலிருந்து தன்னை ஒருநாளாவது இப்படி அணைத்துக்கொண்டு போனாரா என்று அவர் மனைவி காலையில் கேட்டதில் நியாயம் இருந்தது.

தகரத்துக்குள் வறுத்த அரிசி. அரிசிக்குள் நாலு பற்றரி.

அது எழுபத்துநாலாம் ஆண்டு. பாணுக்கு வரிசை, சீனிக்கு வரிசை, சீத்தைத் துணிக்கு வரிசை. கமராவின் பிளாஷுக்குப் போடுகிற பென்ரோச் பற்றரிக்கு மட்டும் வரிசை கிடையாது. இல்லாத சாமானுக்கு எங்கே போய் வரிசையில் நிற்பது? கடையில் எப்போதாவது வருகிறவை கடைக்காரனின் கையிலேயே வயதுபோய், அடியில் பால் வடித்துக்கொண்டிருந்தன. இராஜநாயகம் பற்றரி வாங்குவது பெண் பார்ப்பதைப் போல. கையில் ஏந்திப் பாரம் பார்ப்பார், பித்தளை மூக்கில் பச்சை பிடித்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்புவார், முகர்ந்துகூடப் பார்ப்பார். கடைசியில் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன பல்பும் கம்பியும் எடுத்துத் தொடுத்து, பல்பு சிவக்கிறதா வெளுக்கிறதா என்று கண்ணை இடுக்குவார். சிவந்தால் குடும்பத்துக்கு ஆகாது. பழையதோடு புதியதைச் சேர்த்து ஒரு பிளாஷுக்குள் போடமாட்டார். கிழவன் குமரனைக் குடித்துவிடுவான் என்பார். ஒரு வெளிச்சம் அடித்தால் ஓய்வு கொடுப்பார். வேலை முடிந்ததும் கழற்றி, துடைத்து, துணியில் சுற்றிப் படுக்க வைப்பார். கடற்காற்றுப் படாமல் இருக்கத்தான் தகரமும் வறுத்த அரிசியும்.

இந்த நாலும் கப்பல் பற்றரி. தேயிலை ஏற்ற வந்த ஏதோ ஒரு வெள்ளைக்காரக் கப்பலின் சமையற்காரன், ஸ்ரூடியோத் திரையில் வரைந்திருந்த பனிமலைக்கு முன்னால் தலைப்பாகை கட்டி நின்று தாய்க்கு அனுப்பப் படம் எடுத்துவிட்டு, கைமாறாகக் கொடுத்துவிட்டுப் போனவை. பல்பைத் தொடுத்தபோது வந்த வெளிச்சத்தில் இராஜநாயகத்துக்கு மூன்று தலைமுறை தெரிந்தது. அவற்றைக் கிண்ணியாவில் அபூதாஹிர் முதலாளி வீட்டுக் கலியாணத்துக்கென்று ஒதுக்கினார். நாளை இரவுக் கலியாணம். இன்று மூதூரில் இறங்கித் தங்கி, விடிய பஸ் பிடித்தால் போதும். பரீட்சைக்கென்று பழசுகள் நாலை வேறாகக் கடதாசியில் சுற்றிப் பைக்குள் போட்டிருந்தார். அவை அநேகமாக இளைப்பாறிவிட்டவை.

மூதூர் இறங்குதுறையில் கால் வைத்ததும் ஜமால்தீன் வந்து பையைப் பிடித்துக்கொண்டான். மீன் ஏற்றுகிறவன்; முன்பு பழக்கம். தன் பக்கத்து வீட்டு மாகிரட்டின் தங்கச்சி இன்பமலர் விடியற்காலையில் மௌத்தாகிவிட்டாள், ஒரு படம் எடுக்க வரவேண்டும் என்றான். முந்தநாள் பின்னேரம் பிள்ளை பிறந்தது, நேற்று இரத்தம் நிற்கவில்லை, தோப்பூர்ப் பாதையில் வெள்ளம், பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லோஞ்சுக்காரரின் காலில் விழுந்தும் அந்தக் கடலில் ஒருவரும் கயிற்றை அவிழ்க்கவில்லை. இன்றைக்குத்தான் ஓடியது. அந்த முதல் லோஞ்சில் வந்து இறங்கியது ஒரு பால்மாத் தகரமும் அதை அணைத்த ஒரு படக்காரனும் என்பதை ஜமால்தீன் சொல்லவில்லை. இராஜநாயகத்துக்குத் தானாகவே தோன்றியது. தான் கலியாணத்துக்குப் போகிறவன் என்று சொல்ல வாயெடுத்தார். செத்த வீட்டிலிருந்து வந்து கூப்பிட்டால் மறுக்கிற ஊர் அதுவல்ல. அவன் பின்னால் நடந்தார்.

நடக்கும்போது மனம் கணக்குப் போட்டது. படக்காரனுக்குப் பிணத்தைப் போலத் தங்கமான வாடிக்கைக்காரர் உலகத்தில் இல்லை. கண் சிமிட்டாது, தலைமயிரைக் கோதாது, படம் சரியில்லை என்று திரும்பி வராது. முக்காலியில் கமராவை நிறுத்தி யன்னலைத் திறந்து விட்டால், வருகிற கொஞ்ச வெளிச்சத்தை வேண்டிய நேரத்துக்குக் குடித்துக்கொண்டு கிடக்கும். பிளாஷே தேவையில்லை. தகரம் பத்திரம்.

வீடு தென்னோலைக் கிடுகு வேய்ந்த வீடு. மழை எல்லா மூலையிலும் உள்ளே வந்துகொண்டிருந்தது. வளவில் ஓலைப் பந்தலின் கீழ் ஆண்கள் நனைந்த காகங்களைப் போல் நின்றார்கள். ஈரம் படாமல் இருக்கட்டும் என்று தகரத்தையும் உடுப்புப் பையையும் வேலிக்கு அங்காலே ஜமால்தீன் வீட்டு அலுமாரியின் மேல் வைத்துவிட்டு, கமராவும் பிளாஷும் பழசுகளுமாக இராஜநாயகம் உள்ளே போனார். சவப்பெட்டி நடு அறையில் இரண்டு நீள வாங்குகளின் மேல் இருந்தது. இன்பமலருக்கு இருபது இருக்கும். கலியாணச் சீலை உடுத்தி, தலையில் வெள்ளை வலை போட்டு, விரல்களில் செபமாலை சுற்றியிருந்தார்கள். முகம் மெழுகைவிட வெள்ளை. கால்மாட்டில் புருஷன் கிறிஸ்தோபர் குந்தியிருந்தான். வலை இழுக்கிற கை இரண்டும் முழங்காலில் சும்மா கிடந்தன. யார் தோளைத் தொட்டாலும் தோள் மட்டும் அசைந்தது.

மாகிரட் அழுது முடித்தவளாகவோ இன்னும் தொடங்காதவளாகவோ இருந்தாள். கையில் துணிப் பொட்டலம் போல் பிள்ளை.

"சுவாமி வந்தவுடனை பெட்டியை மூடிப்போடுவினம். அதுக்கு முன்னம் ஒரு படம் வேணும், ஐயா. பிள்ளையையும் வைச்சு."

பின்னாலிருந்து ஒருத்தி, பச்சைப் பிள்ளையைப் பிணத்தோடு வைக்கக்கூடாது என்று முணுமுணுத்தாள். மாகிரட் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஒன்பது மாசம் கிடந்த இடந்தானே."

அவள் இராஜநாயகத்துக்குக் கிட்ட வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னாள். "இவளின்ர முகம் ஒரு கடதாசியிலையும் இல்லை. கலியாணத்துக்கும் படம் எடுக்கேல்லை. நாளைக்கு இது என்னைத்தான் அம்மா எண்டு கூப்பிடும். கூப்பிடட்டும். ஆனா இவள் ஒருத்தி இருந்தவள் எண்டு நான் காட்ட வேணும். வாயாலை சொன்னா, வளர வளர அது கதையாப் போயிடும்."

இராஜநாயகத்தின் கணக்குப் பிழைத்தது. பிணம் அசையாது, பிள்ளை அசையும். அந்த இருட்டில் முக்காலியில் வைத்து எடுத்தால் பிள்ளை இருக்கிற இடத்தில் புகைதான் இருக்கும். பிளாஷ் வேண்டும். கடதாசியை அவிழ்த்துப் பழசுகளைப் பிளாஷுக்குள் போட்டார். நுளம்பு செத்துக்கொண்டு பாடுவதைப் போல ஒரு கீச்சு வந்தது. பிளாஷின் முதுகில் ஒரு சின்னச் சிவப்புக் கண் இருக்கும். அது பற்றினால்தான் வெளிச்சம் தயார். பற்றவில்லை.

"வேறை பற்றரி இல்லையோ?" என்று மாகிரட் கேட்டாள்.

"இந்தக் காலத்திலை எங்கை, பிள்ளை?" என்றார்.

அவ்வளவு இலகுவாக அந்தப் பொய் வந்தது. சொன்ன பிறகும் அது பாதி உண்மையாகத்தான் அவருக்குப் பட்டது. அபூதாஹிரின் வீட்டில் நாளைக்கு நூறு முகம் காத்திருக்கும். பழசுகளைக் கொஞ்சம் சூடாக்கினால் ஒரு வெளிச்சத்துக்காவது எழும்பும். மூதூர்க் கரையில் செத்த பற்றரியை எறிகிற வழக்கமே இல்லை. ரோச் லைற் மங்கினால் பற்றரியைக் கருவாட்டோடு வெயிலில் காயப்போடுவார்கள். வெயில் இல்லாத நாளில் அடுப்பு விளிம்பில் வைப்பார்கள். அந்த ஊர்ப் பற்றரிகள் வேதத்தில் செத்து எழும்பிய லாசரைப் போல, புதைத்தாலும் எழும்பிக்கொண்டே இருக்கும். செத்த வீட்டில் அடுப்பு எரியாது. ஜமால்தீனின் பெண்சாதி றஹ்மாவின் குசினியில் செத்த வீட்டாருக்கெல்லாம் தேத்தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. இராஜநாயகம் வேலியோடு நின்று நாலு பழசுகளையும் கொடுத்து, சூடு காட்டித் தரச் சொன்னார். அவள் மடியில் வாங்கிக்கொண்டு ஓடினாள்.

பீங்கான் கோப்பையில் துணி மூடி வந்தபோது அவை இளஞ்சூடாக, நல்ல பதமாகத்தான் இருந்தன. போட்டதும் கீச்சு உரத்தது. கிறிஸ்தோபரைத் தலைமாட்டுக்குத் தள்ளிவிட்டார்கள். மாகிரட் பிள்ளையை இன்பமலரின் இடக்கை மடிப்பில் வைத்தாள். ஒப்பாரி நின்றது. படம் எடுக்கும்போது அழக்கூடாது என்று யாரும் சொல்லிக்கொடுக்காமலே எல்லாருக்கும் தெரிந்திருந்தது. பெண்கள் மூக்கைத் துடைத்து, சீலையைச் சரிசெய்து, வாயை மூடிக் கமராவைப் பார்த்தார்கள். அறை முழுவதும் இராஜநாயகத்தின் கைக்குள் இருக்கிற சிவப்புக் கண்ணுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. கோயில் கட்டி ஆயிரம் வருடம் ஆனாலும் இப்படி ஒரு விளக்குக்காக யாரும் காத்திருந்திருக்க மாட்டார்கள்.

கண் பற்றியது. மினுங்கியது.

அந்த நேரம் பார்த்துப் பிள்ளை தலையைத் திருப்பியது. பசி. கண் திறக்கத் தெரியாத முகத்தை இன்பமலரின் மார்பில் உரசி, இங்கும் அங்கும் தேடி, கலியாணச் சீலையின் சரிகையை வாயால் கவ்வியது. யாரோ ஒருத்தியின் தொண்டையிலிருந்து சத்தம் கிளம்பி அறுந்தது. மாகிரட் கையை நீட்டித் தலையை விலக்கினாள். அது மறுபடி திரும்பியது. இராஜநாயகம் காத்திருந்தார். பொத்தானில் விரல். பிள்ளை சற்றே அடங்கி முகம் இந்தப் பக்கம் வந்தபோது அவர் அழுத்தினார். மின்மினி தும்மியதைப் போல ஒன்று வந்து போனது. சிவப்புக் கண் எப்போதோ அணைந்திருந்தது.

தூரத்தில் மாதா கோயில் மணி அடித்தது. சுவாமி புறப்பட்டுவிட்டார்.

மாகிரட் கெஞ்சுவாள் என்று எதிர்பார்த்தார். ஏசுவாள் என்றாலும் தாங்கியிருப்பார். அவள் பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, மற்றக் கையால் தங்கச்சியின் நெற்றியில் விலகியிருந்த வலையை இழுத்துவிட்டாள்.

"சரி விடடி. உனக்குக் குடுத்துவைச்சது அவ்வளவுதான்."

செத்தவளோடு உயிருள்ளவளோடு பேசுகிற மாதிரி, சந்தையில் சீலை கிடைக்காமல் திரும்புகிறவளைத் தேற்றுகிற மாதிரிச் சொன்னாள். இராஜநாயகத்துக்குக் கிண்ணியா, அபூதாஹிர், நூறு முகம் எல்லாம் ஒரே நேரத்தில் அறிவில் இருந்து வழுக்கின. 'ஒரு நிமிஷம்' என்று சொன்னாரா இல்லையா தெரியாது, மழைக்குள் இறங்கி ஓடினார். ஐம்பது வயதுக்கு மேல் அவர் ஓடியது அதுதான் முதல்தரம். வேலியை எப்படித் தாண்டினார் என்று வேலிக்கும் தெரியாது.

றஹ்மா வாசலிலேயே எதிர்ப்பட்டாள். கைகளில் துணியை மடித்துப் பிடித்து, அதன் மேல் பால்மாத் தகரம். ஆவி பறந்தது. முகத்தில் நல்லது செய்தவளின் களை.

"ஐயா, இதுக்குள்ளயும் நாலு கிடந்திச்சி. அரிசியோட போட்டு வெச்சிரிக்கீங்க, எல்லாம் ஈரம். முதல் தந்தது காணாட்டி இதுவும் உதவுமெண்டு நினைச்சன். அதான் அதுகளைத் தந்த கையோட இதைத் தகரத்தோட அடுப்பில வெச்சி நல்லாச் சுடவெச்சன்."

அவர் மூடியை வெறுங்கையால் திறந்தார். விரல் வெந்ததை உணரவில்லை. அரிசி கருகிப் பொரியாகியிருந்தது. நடுவில் பற்றரிகள் நாலும் வீங்கி, மேல் மெழுகு உருகி, கறுப்புக் களி வெளியே தள்ளிக் கிடந்தன. ஒன்று வெடித்து அரிசியைத் தன் மேலே அப்பிக்கொண்டிருந்தது. கப்பல் ஏறிக் கடல்கள் கடந்து, வயிற்றுச் சூட்டில் கொட்டியாரக் குடாவையும் கடந்து வந்த நாலும், பக்கத்து வீட்டுக்காரியின் இரக்கத்தில் வெந்து போயின. அவளைப் பிழை சொல்ல ஒரு எழுத்தும் இல்லை. பற்றரியைச் சூடாக்கித் தரச் சொன்னவர் அவர்தான்.

மாகிரட் பிள்ளையோடு வந்து வேலியடியில் நின்றதை அவர் பிறகுதான் கண்டார். அவள் தகரத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"வேறை இல்லையெண்டனீங்கள்."

"கிண்ணியாவிலை நாளைக்கு ஒரு கலியாணம், பிள்ளை..."

"கலியாணப் பொம்பிளை நாளண்டைக்கும் இருப்பாள், ஐயா."

கோபம் இல்லை அதில். இருந்திருந்தால் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும். றஹ்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்து, மெல்ல மெல்ல விளங்கிக்கொண்டு, தகரத்தைச் சுவரோரம் நிலத்தில் வைத்தாள். கையைச் சீலையில் துடைத்தாள். பிறகு போய் மாகிரட்டின் தோளிலிருந்து பிள்ளையை எடுத்துக்கொண்டு, தன் வீட்டுத் திரைச்சீலைக்குப் பின்னால் போனாள். அவளுக்கு நாலு மாதக் கைப்பிள்ளை. கொஞ்ச நேரத்தில் அழுகை நின்று, விழுங்குகிற சத்தம் மழைக்குள்ளும் கேட்டது.

இராஜநாயகம் செத்த வீட்டுக்குள் திரும்பிப் போய்க் கமராவை முக்காலியில் பூட்டினார். பூட்டிவிட்டு இரட்டைக்கண் கமராவின் கண்ணாடிக்குள் குனிந்து பார்த்தால், குழிக்குள் பார்ப்பதைப் போல இருந்தது. பிள்ளை பால் குடித்துத் தூங்கினால் அசையாது. அசையாவிட்டால் பிளாஷ் வேண்டாம். ஆனால் யன்னலால் வருகிற வெளிச்சம் யன்னலிலேயே களைத்து விழுந்தது. கறுத்த வானம், கறுத்த கிடுகு, கறுத்த சுவர்.

அப்போதுதான் கிறிஸ்தோபர் வாய் திறந்தான். இராஜநாயகம் வந்ததிலிருந்து முதல் தரம்.

"எவ்வளவு வெளிச்சம் வேணும்?"

இராஜநாயகம் மேலே பார்த்தார். சும்மா, மேலே வானம் இருக்கிறது என்பதற்காகப் பார்த்தார். கிறிஸ்தோபரும் பார்த்தான். எழும்பி வெளியே போனான். கூரையில் ஆள் ஏற, தடி முறுகுகிற சத்தம் கேட்டது. தலைக்கு மேல் ஒரு கிடுகு விலகியது, பிறகு மற்றது. பேறுகாலத்துக்கு ஒழுகக்கூடாதென்று ஐப்பசியில் அவனே கட்டிய கூரை. கட்டிய முடிச்சுகளைக் கையாலும் பல்லாலும் அறுத்து அறுத்து எறிந்தான். ஆண்கள் தடுக்கப் பார்த்தார்கள். பிறகு இரண்டு பேர் தாங்களும் ஏறினார்கள். பெட்டிக்கு நேர் மேலே ஒரு பெரிய ஓட்டை வாய் பிளந்தது. தண்ணீர் கொட்டாமல் அந்தக் கணத்தில் மழை ஓய்ந்தது. கடவுளுக்குச் சில வேளைகளில் வெட்கம் வரும். சாம்பல் வெளிச்சம் ஒன்று நேராக இறங்கி இன்பமலரின் முகத்தில் வந்து நின்றது. பந்தலுக்குக் கட்டியிருந்த வெள்ளைத் துணியை அவிழ்த்து, மாகிரட்டும் இன்னொருத்தியும் பக்கத்தில் விரித்துப் பிடித்தார்கள். நிழல் விழுந்த கன்னமும் துலங்கியது.

றஹ்மா பிள்ளையைக் கொண்டுவந்தாள். வாயோரம் ஒரு துளி பால். தூக்கம். அவளே குனிந்து இன்பமலரின் கை மடிப்பில் வைத்துவிட்டுச் சுவரோரம் ஒதுங்கினாள்.

"எவ்வளவு நேரம் அசையாமல் இருக்கவேணும்?" மாகிரட்.

"பாதி அருள்நிறை மரியே."

பெண்கள் தாழ்ந்த குரலில் அந்தச் செபத்தைத் தொடங்கினார்கள். இராஜநாயகம் கயிற்றுப் பொத்தானை அழுத்தினார். கமராவின் கண் திறந்தது. மேலே ஓட்டையின் விளிம்பில் கிறிஸ்தோபர் குப்புறப் படுத்து, நிழல் விழாமல் தலையை விலக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் கிடுகுகளைப் பிடித்திருந்தான். ஒழுங்கையில் சுவாமியின் மணிச்சத்தம் கிட்டி வந்தது. செபம் பாதிக்கு வரவில்லை. கிடுகு நுனியில் தேங்கிய ஒரு சொட்டுத் தண்ணீர் கழன்று இறங்கிப் பிள்ளையின் நெற்றியில் விழுந்தது.

அது விழிக்கவில்லை. புருவத்தைச் சுருக்கியது. துணிக்குள்ளிருந்து ஒரு கை வெளியே வந்து, விரல்களை ஒவ்வொன்றாக விரித்துக்கொண்டு மேலெழும்பியது. பெண்களின் குரல் தடுமாறாமல் தொடர்ந்தது. மாகிரட் துணியை இறுக்கிப் பிடித்தபடி நின்றாள். கமராவின் கண் திறந்தபடியே இருக்க, படத்தில் புகையாக விழப்போகிற அந்தக் கை தாயின் முகத்துக்குக் குறுக்கே, மோவாயிலிருந்து மேலே, மெல்ல மெல்லப் போய்க்கொண்டிருந்தது.